பின் சீட்டு விஷயமாக

பூதலூர்,
மாசி மாதம், அறுவடை முடிந்து.

அன்பு மகள் செம்மொழிக்கு அப்பா அமிர்தலிங்கம் எழுதுவது. இங்கு நானும் உன் அம்மாவும் இரண்டு மாடுகளும் சௌக்கியம். என் இடுப்பை மட்டும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். ஓசூரில் நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறோம். போனில் பேசினால் நான் உன் பக்கம் சாய்ந்துவிடுகிறேனாம். அதனால், லடாக் போக டூரிங் பைக் வாங்கப்போகிறேன் என்றாயே, அது வேண்டாம் என்று கைப்பட எழுதச் சொல்லி உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறாள். அவள் படித்துப் பார்த்த பிறகுதான் இது உறைக்குள் போகும்.

வண்டியைப் பார்க்காமல் வேண்டாம் என்று எழுதுவது நியாயமில்லை என்று தஞ்சாவூர் ஷோரூமுக்குப் போனேன், சலவை வேட்டி கட்டிக்கொண்டு. அங்கிருந்த பெண்ணுக்கு உன் வயதுதான் இருக்கும், “உக்காந்து பாருங்க சார்” என்றது. வண்டியை ஒரு மேடைமேல் நிறுத்தி, ஒரு பக்கம் படியும் வைத்திருந்ததால் ஏறுவது சுலபமாகத்தான் இருந்தது. ஏறிய பிறகு பார்த்தால் இரண்டு காலும் அந்தரத்தில், வேட்டி கீழே எதிலோ மாட்டிக்கொண்டது. இறங்கவும் முடியாமல், அதை வெளியில் காட்டிக்கொள்ளவும் முடியாமல், மைலேஜ் என்ன, டேங்க் எவ்வளவு கொள்ளும், மழை பெய்தால் என்ன ஆகும் என்று கேள்வி கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். ஒரு கட்டத்தில் கேள்வி தீர்ந்துபோனது. “எறக்கி விடச் சொல்லவா சார்?” என்று அந்தப் பெண் மெதுவாகத்தான் கேட்டது, ஆனால் வந்து தூக்கிய மெக்கானிக்குகள் மெதுவாகச் சிரிக்கவில்லை. வேட்டி பாதி வண்டியோடு தங்கிவிட்டது. பெண் திரும்பி நின்று காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தது, நல்ல வளர்ப்பு. நீயும் என் உயரம்தான், ஆகவே சீட்டைத் தாழ்த்தி வாங்கு என்று எழுதினேன், உன் அம்மா எட்டிப் பார்த்து, வாங்கு என்று ஏன் எழுதுகிறீர்கள் என்கிறாள். சரி, வாங்க வேண்டாம். வாங்கினால் சீட்டைத் தாழ்த்து.

வண்டியில் என்னென்ன மாற்றலாம் என்று கேட்டிருந்தாய். எனக்குத் தெரியாத தொழிலா? என் மொபெட்டில் கம்பெனி கொடுத்தபடி இருப்பது ஹாரன் ஒன்றுதான், அதுவும் அடிக்காது. உரமூட்டைக்கு முன்னால் தகடு, நாற்றுக்கட்டுக்குப் பின்னால் கேரியர், மண்வெட்டிக்குப் பக்கத்தில் கொக்கி என்று பற்றவைத்துக்கொண்டே போய், கடைசியில் நான் உட்கார இடமில்லாமல் தள்ளிக்கொண்டு நடக்கிறேன். புதிதாக ஒரு வயல் வாங்கினால் ஒரு போகம் பார்த்துவிட்டுத்தானே வரப்பில் கை வைப்போம், வண்டியும் அப்படித்தான். முதலில் கொடுத்தபடியே ஓட்டு, எங்கே வலிக்கிறது என்று அதுவே சொல்லும். சைலன்சரை மாற்றாதே. லைட்டுக்காக ஒயரை வெட்டினால் வாரண்டி போய்விடும் என்று அந்தப் பெண் சொன்னது. பெட்டி மாட்டினால் இரண்டு பக்கமும் ஒரே கனம் இருக்கட்டும், ஒரு பக்கம் மட்டும் மூட்டை கட்டி வாய்க்காலுக்குள் போனவன் சொல்கிறேன். பின் சீட்டைக் கழற்றிவிட்டு லக்கேஜ் பிளேட் போடலாமா என்றும் கேட்டிருந்தாய். அதைப் பிறகு சொல்கிறேன்.

ஓட்டிப் பார்க்காதவன் பேச்சு என்று நீ நினைக்கக் கூடாதே என்று, சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்திருக்கிற எதிர்வீட்டு அறிவுச்செல்வனிடம் அவன் வண்டியைக் கேட்டேன். அதுவும் டூரிங் பைக்தான், சீட்டைத் தாழ்த்தி வைத்திருந்தான். “மாமா, வேட்டிய மடிச்சுக் கட்டிக்கங்க” என்று மட்டும் சொன்னான்; ஷோரூம் சங்கதி எனக்கு முன்னால் ஊர் வந்து சேர்ந்திருக்கிறது. பெரிய ரோடு வழியாகப் போய் வாய்க்கால் கரை ரோட்டில் திரும்பினேன். பார்த்தால் ரோட்டில் பாதியை அடைத்து எவனோ நெல் காயப்போட்டிருக்கிறான், வண்டி ஏறாமலிருக்க ஓரம் முழுக்கக் கல் வேறு. அறிவு கெட்டவன், ரோடு என்ன இவன் அப்பன் வீட்டுக் களமா என்று வாய்விட்டுத் திட்டிக்கொண்டே பிரேக்கைப் பிடித்தேன். நம் நெல். ஈரம் இருக்கிறது, காயவைத்துக் கொண்டு வாங்க என்று கொள்முதல் நிலையத்தில் சொன்னதால் அன்று காலையில் நானே கொட்டியது, கல்லும் நானே அடுக்கியது. இந்த வண்டியில் பிரேக் அடித்தால் சக்கரம் பூட்டாது என்றார்கள், வாஸ்தவம், பூட்டவில்லை, கல்லைத் தாண்டி நெல்மேல் வழுக்கிக்கொண்டு போய் சாவகாசமாகப் படுத்தது, நானும் கூடவே படுத்தேன். நெல்லைக் காலால் கிளறிக்கொண்டிருந்த உன் அம்மா ஓடி வந்தாள். தூக்கத்தான் வருகிறாள் என்று கையை நீட்டினேன்.

“கைய மடக்குங்க, நெல்லு வாய்க்கால்ல சரியுது” என்றாள்.

வண்டிக்குக் கீறல் இல்லை, என்ஜின் கார்டு தாங்கிக்கொண்டது. (அதைக் கட்டாயம் போடு. வாங்கினால்.) நெல்லை அள்ளி முடித்த பிறகு உன் அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்தாள். என் சட்டையில் ஒட்டியிருந்த நெல்லைத் தட்டிவிட்டாள். பிறகு, “நீங்க நெல்லு மேல விழுந்தீங்க. அவ லடாக்ல எது மேல விழுவா?” என்று கேட்டாள். கிண்டலாகக் கேட்கவில்லை, பாப்பா. நான் இடுப்பைத் தேய்த்துக்கொண்டேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

ஆகவே வண்டி வேண்டாம். இது எங்கள் இருவரின் முடிவு. மனம் கோணாமல், சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்து, நல்லபடியாக வேலைக்குப் போய் வா. பெரிய கோயில் இருக்கும் திசை பார்த்து உனக்காகக் கும்பிட்டுக்கொண்டு முடிக்கிறேன். நார்த்தங்காய் தீர்ந்துவிட்டதா என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

அப்பா.

பின்குறிப்பு: வீட்டில் பசை இல்லை, தபால் ஆபீசில் ஒட்டிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்து, இங்கே கயிறு கட்டிய பேனாவில் இதை எழுதுகிறேன். வண்டியை வாங்கு. பின் சீட்டை மட்டும் கழற்றாதே. விதைநெல் மூட்டைக்குப் பின்னால் ஒரு ஹெல்மெட் வாங்கி ஒளித்து வைத்திருக்கிறேன், என் தலை அளவுதான். எது மேல விழுவா என்று உன் அம்மா கேட்டபோது பதில் வாய்வரைக்கும் வந்தது, இடுப்பு இருந்த லட்சணத்தில் சொல்லவில்லை: என் மேலதான் விழுவா, பின்னால நான்தானே உக்காந்திருப்பேன்.