முள்ளம்பன்றி வாங்கிய முப்பத்து நாலு பல் கியர்

ஒரு காட்டில் செண்பகவல்லி என்ற முள்ளம்பன்றி தன் இரண்டு குட்டிகளோடு வாழ்ந்து வந்தது. அப்படி வாழ்ந்து வருகிறது என்பதற்கு அதனிடம் சான்றிதழ் இல்லை.

ஆனி மாதம் முடிய நான்கு நாள் இருக்கும்போது வளை வாசலில் நோட்டீஸ் ஒட்டினார்கள். மாதக் கடைசிக்குள் குடியிருப்புச் சான்று வாங்காவிட்டால் வளை ஒரு மரநாய்க்கு ஒதுக்கப்படும் என்று அதில் எழுதியிருந்தது. மழை எந்த நாளும் தொடங்கலாம். குட்டிகளுக்கு முள் இன்னும் கெட்டிப்படவில்லை.

சான்று கொடுக்கும் அலுவலகம் மலையுச்சியில் இருந்தது. போகிற வழியில் பதினெட்டு கொண்டை ஊசி வளைவு. காட்டில் மோட்டார் வண்டிக்குத் தடை. நடந்து போனால் அன்றைய டோக்கன் தீர்ந்துவிடும். ஆகவே முள்ளம்பன்றி சைக்கிள் கடைக்குப் போனது. அங்கே கோதண்டம் என்ற கரடியும் நின்றிருந்தது. அதன் குகைக்கும் அதே நோட்டீஸ்.

கடைக்காரர் இருளப்பன் ஒரு கீரி. தொழில் தெரிந்தவர்.

"முன்னால வழக்கத்தைவிடச் சின்னப் பல்சக்கரம், பின்னால வழக்கத்தைவிடப் பெருசு. அதுதான் மலைக்கு. முன்னால முப்பத்து நாலு பல், பின்னாலயும் முப்பத்து நாலு போட்டுத் தரேன். ஒரு மிதிக்குச் சக்கரம் ஒரே சுத்துதான் சுத்தும். மெதுவாத்தான் போகும். ஆனா உக்காந்த இடத்துலேருந்து எந்திரிக்காம உச்சிக்குப் போயிடலாம்."

"எனக்கு அதையே போட்டுக் குடுங்க தம்பி" என்றது முள்ளம்பன்றி.

கரடி சிரித்தது. "சோத்துத் தட்டு மாதிரி ஒண்ணைப் பின்னால மாட்டிக்கிட்டுப் போனா காட்டுல என்னைப் பத்தி என்ன பேசுவாங்க? எனக்கு முன்னால முப்பத்தொம்பது, பின்னால இருபத்தஞ்சு. சமதரையில பறக்கணும்."

"அண்ணே, நம்ம காட்டுல சமதரைன்னா இந்தக் கடை வாசல் மட்டும்தான்."

"வாசல்ல பறக்குறேன்" என்றது கரடி.

மறுநாள் காலை ஒன்பதேகாலுக்கு முள்ளம்பன்றி உச்சியில் இருந்தது. முதல் டோக்கன் அதற்குத்தான். அதிகாரி ஒரு கருங்குரங்கு. நிமிர்ந்து பார்த்தது.

"எதுல வந்தீங்க?"

"சைக்கிள்லதாங்க ஐயா."

"சிரமமா இருந்துச்சா?"

"இல்லீங்க. கியர் லேசு. பாடிக்கிட்டே வந்துட்டேன்."

"நல்லது. விண்ணப்பத்துக்கு ரெண்டு நகல் வேணும். நாளைக்கு வாங்க. உங்களுக்கு என்ன, சுளுவா வந்துடுறீங்க."

முள்ளம்பன்றி வெயில் தாழட்டும் என்று வாசலிலேயே நின்று சைக்கிளுக்குக் காற்று அடித்துவிட்டு, கொண்டுவந்த கிழங்கைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. பன்னிரண்டே முக்காலுக்குக் கரடி வந்தது. சைக்கிளில் வரவில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தது. நாக்கு வெளியே தொங்க, அலுவலகப் படியில் குப்புற விழுந்தது. டோக்கன் தீர்ந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

உள்ளே இருந்து மோர் வந்தது. ஒரு பியூன் அணில் விசிறியது. அதிகாரியே எழுந்து வெளியே வந்தது.

"பாவம், என்ன பாடுபட்டு வந்திருக்காரு. எங்கய்யா விண்ணப்பம்?"

கரடி படுத்தபடியே ஒரு தாளை நீட்டியது. விண்ணப்பத்தில் பெயர் மட்டும் எழுதியிருந்தது. அதிகாரி மீதியைத் தானே நிரப்பி, கையெழுத்துப் போட்டு, கரடியின் கக்கத்தில் செருகிவிட்டது.

இரண்டாம் நாளும் முள்ளம்பன்றி ஒன்பதேகாலுக்குப் போனது, இரண்டு நகலோடு. போட்டோவில் முள் சட்டத்துக்கு வெளியே போயிருப்பதாகச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள்.

மூன்றாம் நாள்தான் கடைசி. முள்ளம்பன்றி விடிந்ததும் கீரியின் கடைக்குப் போனது.

"தம்பி, கரடி போட்ட கியரை எனக்கும் மாட்டு."

"வேணாம்க்கா. கோதண்டம் அண்ணனுக்கு ரெண்டு முட்டியும் வீங்கிப் போச்சு. சான்று இருக்கு, குகைக்குள்ள ஏற முடியல. வெளியிலதான் படுத்திருக்காரு."

முள்ளம்பன்றி யோசித்தது. பிறகு தன் முப்பத்து நாலு பல்லோடு கிளம்பிப் பதினெட்டாம் வளைவு வரை நிதானமாக மிதித்தது. அங்கே ஓர் ஓடை. சைக்கிளைப் பாறையில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தது. பத்து மணி ஆனது. பதினொன்று ஆனது. டோக்கன் தீரும்வரை காத்திருக்க வேண்டும். வாழ்க்கையில் அதற்கு முன் அது எதற்கும் தாமதமாகப் போனதில்லை.

பன்னிரண்டரைக்கு ஓடையில் முழுகி எழுந்து, கொஞ்சம் சேற்றைப் பூசிக்கொண்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய், படியில் விழுந்தது. தூக்கிவிட வந்த பியூன்கள் முள்ளைப் பார்த்துத் தள்ளி நின்றுவிட்டார்கள். அதிகாரி தரையில் மண்டியிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது.

"சுளுவா வந்துக்கிட்டிருந்த அம்மாதானே இது? இப்பத்தான் ஒழுங்கா வந்திருக்காங்க" என்றது.

அன்று சாயங்காலமே மழை பிடித்துக்கொண்டது. குட்டிகள் வளைக்குள் நனையாமல் தூங்கின.

அடுத்த மாதம் காட்டில் எல்லோரும் முப்பத்து நாலு பல்லே வாங்கினார்கள். உச்சியில் இப்போது கூட்டமே இல்லை. பதினெட்டாம் வளைவில், ஓடையில் முழுகத்தான் நீண்ட வரிசை. அங்கே ஒரு நரி உட்கார்ந்து டோக்கன் கொடுக்கிறது.

நீதி: மலை ஏற லேசான கியர் போதும்; கையெழுத்து வாங்கத்தான் மூச்சு வாங்க வேண்டும்.