இரண்டு மீட்டர் தள்ளி நின்ற தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு அண்ணன் எழுதிக்கொள்வது. வீட்டுக்குள் வராதே என்று நான் சொன்னேன். நீ வராமல் இருந்துவிட்டாய். இது பெரிய தப்பு. நலம் விசாரிப்பதெல்லாம் பிறகு.

அறுபது வருஷத்தில் நான் சொன்ன எதையாவது கேட்டிருக்கிறாயா? சைக்கிளை மேட்டிலிருந்து விடாதே என்றேன், விட்டுப் பல்லை உடைத்துக்கொண்டாய். ரிட்டயர் ஆனதும் மீசையை எடுக்காதே என்றேன், மறுநாளே எடுத்தாய். இந்த ஒன்றைத்தானா கேட்க வேண்டும்?

தலைசுற்றல் என்று போனேன், டாக்டர் தலைக்கு சி.டி. ஸ்கேன் எழுதினார், தனியாகத்தான் போனேன், பெரிய வளையத்துக்குள் தலையைக் கொடுத்துப் படுத்தேன், ஐந்து நிமிஷத்தில் எழுப்பி அனுப்பிவிட்டார்கள், ஒருவரும் ஒன்றும் விளக்கவில்லை. எதையும் நானாகப் படித்தே தெரிந்துகொண்டவன் இல்லையா, வெளியே மேஜையில் அடுக்கியிருந்த தாள் ஒன்றை எடுத்து வந்து மூன்று முறை படித்தேன். இரண்டு மீட்டர் தள்ளி இரு, தனித் தட்டு, தனிப் படுக்கை, ஒரு வாரம் என்று போட்டிருந்தது. ஜாக்கிரதைக்காக நான் அதை நாற்பது நாள் ஆக்கினேன். நிலம் அளந்து பிழைத்தவன், கண்ணளவில் விடுவேனா? டேப் பிடித்து, வாசற்படியிலிருந்து சரியாக இரண்டு மீட்டரில் சாக்பீஸால் கோடு போட்டேன்.

முதல் ஞாயிறு நீ வந்தாய். "உள்ள வரட்டாண்ணே?" என்றாய். "வராதடா, உடம்புலேர்ந்து கதிர் வருது" என்றேன். "அப்ப கரன்ட் போனாலும் உங்களுக்குக் கவலையில்ல அத்தான்" என்று உன் மனைவி சிரித்தாள். நானும் சிரித்தேன். நீங்கள் போய்விட்டீர்கள். இரண்டாம் ஞாயிறு வெறும் போன். மூன்றாம் ஞாயிறு அதுவும் இல்லை.

பேப்பரை நான் சத்தமாகப் படித்தேன். நடுவில் "எல்லாம் புளுகு" என்று சொல்ல நீ இல்லாததால், அத்தனை செய்தியும் நிஜம் போலவே இருந்தது.

நேற்று ஆஸ்பத்திரிக்குப் போய், உடம்பில் கதிர் இன்னும் எவ்வளவு மிச்சம் என்று அளந்து சொல்லச் சொன்னேன். ஸ்கேன் எடுத்த பெண் தாளை வாங்கிப் பார்த்தாள்.

"ஐயா, இது தைராய்டுக்குக் கதிர் மருந்து முழுங்கினவங்களுக்கு. மருந்து கொஞ்ச நாள் உள்ளயே இருக்கும், அதான் தள்ளி இருக்கச் சொல்றோம். உங்களுக்கு எடுத்தது வெறும் எக்ஸ்ரே மாதிரிதான். டார்ச்சை அணைச்சப்புறம் வெளிச்சம் மூஞ்சியில ஒட்டிக்கிட்டா இருக்கும்?"

"அப்ப உடம்புக்கு ஒண்ணுமே ஆகாதா?"

"எடுக்கற நேரத்துல கொஞ்சம் கதிர் உடம்புல படும். அதனாலதான் தேவையில்லாம எடுக்கறதில்ல. ஆனா உள்ள எதுவும் தங்காது, அடுத்தவங்களுக்கும் போகாது. கூட வந்தவங்க யாருங்கய்யா?"

நான் குடையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இப்போது சொல், குற்றம் யார் மேல்? நான் கிழவன், தாளை மாற்றி எடுத்தேன். உனக்கு வாய் இல்லையா, யாரையாவது கேட்டுப் பார்க்க? ஸ்கேனில் தலையில் ஒன்றும் இல்லை என்று வந்திருக்கிறது. இதை உன் மனைவியிடம் சொல்லாதே. சுற்றல் மட்டும் அப்படியே இருக்கிறது. உனக்கு முழு ஆசீர்வாதம், சிரித்ததற்காக அவளுக்குப் பாதி.

இப்படிக்கு,
அண்ணன்.

பின்குறிப்பு: ஆஸ்பத்திரிக்குப் போனது நேற்று இல்லை. ஸ்கேன் எடுத்த மறு வாரமே போய்விட்டேன். நீ போன் செய்த அன்றே எனக்கு எல்லாம் தெரியும். நீயாகக் கோட்டைத் தாண்டி வருகிறாயா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆகவே, ஞாயிறு காலை நீ வர வேண்டும். வரட்டுமா என்று முன்கூட்டிக் கேட்கக் கூடாது. கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். உன் மனைவியும் வர வேண்டும், வந்து உட்கார்ந்து என்ன வேண்டுமானாலும் சிரிக்கட்டும். கதவைத் திறந்து வைப்பது என் பொறுப்பு. கோட்டை அழிக்க வேண்டியவனும் நான்தான், ஆனால் குனிந்தால் தலை சுற்றுகிறது. அதையும் நீயே வந்து அழிக்க வேண்டும்.