பிள்ளைக்குக் காட்ட ஒரு பொண்டோக்

முடிவு பண்ணிட்டேன். இந்த உலகத்துல எனக்குன்னு ஒரு கூரை வேணும்.

உனக்குத்தான் வீடு இருக்கே தர்மா, அப்புறம் எதுக்குக் கூரைன்னு கேப்பீங்க. ஜெலாப்பாங்ல தாமான் குடியிருப்புல ஒரு வீடு, என் பேர்லதான் இருக்கு. பேர் மட்டும்தான் என்னோடது. உள்ளே எனக்குச் சொந்தமா இருந்தது துண்டு மாட்டுற ஒரே ஒரு ஆணி. போன தீபாவளிக்கு அதுலயும் என் சம்சாரம் புனிதா காலண்டரை மாட்டிட்டா.

நான் ஒண்ணும் பேராசைக்காரன் இல்லைங்க. வாரம் பூரா ஃபேக்டரியில ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுறேன். சனிக்கிழமை சாயங்காலம் கூட்டாளி பத்துமலையோட உக்காந்து ஒரு பீர், அவ்வளவுதான். ஆனா அதை வீட்டுக்குள்ள குடிக்க முடியாது. சட்டம் இருக்கு. யார் போட்ட சட்டம்? நான் போட்ட சட்டம்!

இந்த வீட்டுக்குக் குடி வந்த அன்னிக்கு, பால் காய்ச்சி முடிச்ச கையோட, மச்சினன் தனேஷ் குசினியில உக்காந்து பீர் டின்னைத் திறந்தான். எனக்கு அவனைக் கண்டாலே ஆகாது. சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னாலயும் எழுந்து நின்னேன். "டேய், இது பால் பொங்கின இடம்! லெட்சுமி குடியிருக்கிற இடம்! பால் பொங்கின கூரைக்கு அடியில எவனும் போத்தலைத் தொடக்கூடாது!" எல்லாரும் கை தட்டினாங்க. புனிதா மட்டும் தட்டலை. "சரிங்க. எவனும்னா எவனும்தான்"னு சொல்லிட்டு உள்ளே போயிட்டா.

அன்னியிலேர்ந்து நானும் பத்துமலையும் திடல் ஓரமா, அவன் காடிக்குப் பின்னால நின்னுக்கிட்டுக் குடிக்கிறோம். மழை வந்தா குடை. பார்க்கிறவங்க காடி ரிப்பேர்னு நெனைச்சு, தள்ளிவிட வாராங்க.

அதான் பின்கட்டு மேல கண்ணு விழுந்துச்சு. குசினிக்குப் பின்னால சும்மா கிடக்கிற நிலம். அங்க ஒரு பொண்டோக் போட்டா? நாலு கால், மேல தகரம், கீழ ரெண்டு நாற்காலி. தனிக் கூரை. பால் பொங்காத கூரை. ஆனா ஒரு வில்லங்கம். அதே இடத்துலதான் புனிதா வருசக்கணக்கா ஒரு வெளிக்குசினி கேட்டுக்கிட்டு இருக்கா. உள்ளே மீன் பொரிச்சா கண்ணு எரியுதாம், மூச்சு முட்டுதாம். நான் இடுப்பு வலின்னு சொல்லியே ஓட்டிட்டேன். இப்பத் திடீர்னு எந்த இடுப்பை வெச்சுக்கிட்டுக் கட்டுறது?

அப்பதான் சாமி கண்ணைத் தொறந்துச்சு. என் மக தினேஸ்வரி, ஆறு வயசு, பாலர் பள்ளியிலேர்ந்து வந்து நின்னா.

"அப்பா, வீடெல்லாம் எதுல கட்டுறாங்கன்னு டீச்சர் பார்த்துட்டு வரச் சொன்னாங்க."

"எதுல கட்டுறாங்க? நீயே சொல்லு பாப்போம்."

சுவத்தைத் தட்டிப் பார்த்தா. "பெயிண்டுல."

"சரியாப் போச்சு!"

"எங்க வகுப்பு ஷர்வின் வீடு லிஃப்டுல கட்டினதாம். அவனே சொன்னான்."

நான் எகிறிக் குதிச்சேன். "புனிதா! பார்த்தியா இந்தக் கொடுமையை? சுவத்துக்குள்ள என்ன இருக்குன்னே பிள்ளைக்குத் தெரியலை! பின்கட்டுல சின்னதா ஒண்ணு கட்டிக் காட்டப் போறேன். செங்கல்லு, பலகை, தகரம், எல்லாத்தையும் தொட்டுப் பார்த்துப் படிக்கட்டும்."

"இடுப்பு?"

"படிப்புன்னு வந்துட்டா இடுப்பைப் பார்க்க முடியுமா?"

என்னை ஏற இறங்கப் பார்த்தா. அப்புறம் சிரிச்சா. "கட்டுங்க. பிள்ளைக்கு நல்லது." அந்தச் சிரிப்பை நான் அப்பவே சந்தேகப்பட்டிருக்கணும். எங்க? புத்தி பீர்ல மிதந்துச்சு.

பக்கத்து வீட்டு கமருதீன் அண்ணே சாப்பாட்டுக் கடைக்காரர். கடையை இடிச்சுக் கட்டினதுல மிச்சமான செங்கல் அவர் வாசல்ல கிடந்துச்சு. கேட்டேன்.

"எதுக்கு லா தர்மா?"

"மக படிப்புக்கு அண்ணே."

"செங்கல்லுலயா படிக்குது? எங்க காலத்துல சிலேட்டு. எடுத்துக்க, எடுத்துக்க."

கோலா கங்சார் பக்கம் பழைய தோட்டத்து லயத்து வீடுங்களை இடிச்சாங்க. பத்துமலை அங்கேர்ந்து பலகையும் ஒரு நிலைச்சட்டமும் லோரியில கொண்டாந்து இறக்கினான். வேலை ஆரம்பிச்சுது. கூடவே புனிதாவும் தேத்தண்ணியோட வந்து நிக்க ஆரம்பிச்சா.

"என்னங்க, வெறும் நாலு காலா? சுவரு இல்லாம அது வீடா? பிள்ளை தப்பாப் படிச்சிரும்."

சுவரா? நல்லதுதான். நான் குடிக்கிறது ஊருக்குத் தெரியாது. கட்டினேன்.

"தரை மண்ணா இருக்கே. சிமெண்டு எப்படிப் பூசுறாங்கன்னு பார்க்க வேணாமா?"

அதுவும் நல்லது. நாற்காலி ஆடாது.

"சன்னல் ஒண்ணு வைங்க. பெரிசா."

காத்து வரும்.

"கிழக்குப் பக்கமா ஒரு சிமெண்டுத் திண்டு கட்டுங்களேன். இடுப்பு உயரத்துக்கு. பிள்ளைங்க பார்க்கிறதுக்கு சாமானைப் பரப்பி வைக்கலாம்."

போத்தலைப் பரப்பி வைக்கவும் தோதுதான்.

"தண்ணி இல்லாத வீடு உண்டா? பைப்பும் தொட்டியும் வெச்சிருங்க."

தொட்டி! ஐஸ் கொட்டி வைக்கத் தொட்டி! பாவம், ஒண்ணும் தெரியாத பொம்பளை, தன் வாயாலயே எனக்கு எல்லாம் செஞ்சு தாராளேன்னு மனசு இளகிப் போச்சு.

பத்துமலை மட்டும் சிமெண்டு கலக்குறதை நிறுத்திட்டு சுத்திச் சுத்திப் பார்த்தான். "மச்சான், இது பொண்டோக் மாதிரியே இல்லையேடா. எனக்கு வேற என்னமோ மாதிரி தெரியுது."

"உனக்குக் கண்ணு கெட்டுப் போச்சு லா. கலக்கு."

சனிக்கிழமை சாயங்காலம் திறப்பு விழான்னு அவனுக்குச் சொல்லி வெச்சேன். காலையில புனிதா பாலர் பள்ளி வகுப்பையே கூட்டிட்டு வந்துட்டா. ஒரு பிள்ளை படிக்கிறதை எல்லாப் பிள்ளையும் படிக்கட்டுமேன்னா. சரி, காலை பிள்ளைங்களுக்கு, சாயங்காலம் எனக்குன்னு விட்டுட்டேன்.

புஷ்பலதா டீச்சர் ஒவ்வொண்ணாத் தொடச் சொன்னாங்க. "இது என்னா?" "செங்கல்!" "இது?" "தகரம்!" ஒரு பொடிசு சிமெண்டை நக்கிப் பார்த்துச்சு. லிஃப்டு வீட்டு ஷர்வின் என் கையைப் பிடிச்சு இழுத்தான்.

"அங்கிள், இந்த வீட்டுல யாரு இருப்பா?"

"நான்."

"தனியாவா? ஏன் அங்கிள், என்ன தப்பு பண்ணினீங்க?"

டீச்சர் அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டாங்க.

"பிள்ளைங்களுக்கு மைலோ கலக்குறேன். உள்ளே ஒரே அனலு, இங்கேயே வெச்சுக்கிறேன்"னு சொல்லிக்கிட்டே புனிதா கேஸ் அடுப்பைத் தூக்கிட்டு வந்து அந்தத் திண்டு மேல வெச்சா. மேல ஒரு எவர்சில்வர் பானை. அதை எங்கேயோ பார்த்த ஞாபகம். நான் ஹோஸ் பைப்பைப் பிடிச்சுத் தகரத்து மேல மழை பெய்யறது எப்படின்னு பிள்ளைங்களுக்குக் காட்டப் போயிட்டேன். பெரிய வாத்தியாரு!

பின்னால 'சொய்ங்'னு ஒரு சத்தம்.

"பால் பொங்கிருச்சு!" டீச்சர் கையைத் தட்டினாங்க. "அட, கிழக்கால பொங்கிருக்கு லா!"

பிள்ளைங்க விடுமா? "பொங்கலோ பொங்கல்! பொங்கலோ பொங்கல்!"

அப்பதான் அந்தப் பானை யாருன்னு தெரிஞ்சுது. குடி வந்த அன்னிக்குப் பால் காய்ச்சின அதே பானை. புனிதா ஒரு அவசரமும் இல்லாம அடுப்பைக் குறைச்சா. குங்குமச் சிமிழை எடுத்தா. நிலைச்சட்டத்துல பொட்டு வெச்சா.

சாயங்காலம் பத்துமலை ஐஸ் பெட்டியோட வந்தான். நிலைக்கு நடுவுல புனிதா நின்னா.

"வாங்க அண்ணே. மைலோ குடிக்கிறீங்களா? வேற எதுவும் இங்க ஆகாது. காலையில பால் பொங்கிருச்சு."

அவன் என்னைப் பார்த்தான். குங்குமத்தைப் பார்த்தான். பெட்டியை முதுகுக்குப் பின்னால மறைச்சான். "சாமி விசயம் மச்சான். நான் திடல்ல நிக்கிறேன்."

எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. "புனிதா, இது பிள்ளை படிக்கிறதுக்குக் கட்டினது!"

"படிச்சிட்டாளே."

"அது மைலோவுக்கு வெச்ச பாலு!"

"பாலுக்கு அது தெரியுமா? பால் பொங்கின கூரைன்னுதானே சொன்னீங்க. வேணும்னா தனேஷுக்குப் போன் போடுங்க. அவனுக்கு ரொம்ப நல்லா ஞாபகம் இருக்கு." அப்புறம் குரலை இறக்கினா. "எத்தனை வருசம் கேட்டேன்? அந்தப் புகையில நின்னு இருமினேன். இடுப்பு வலின்னீங்க. நானும் நம்பி, ராத்திரியில தைலம் தேச்சுவிட்டேன். பீருன்னதும் உங்க இடுப்பு செங்கல் தூக்குதே!"

எல்லாம் தெரிஞ்சுக்கிட்டேதான் தேத்தண்ணி கொடுத்திருக்கா. கோபத்துல கடப்பாரையைக்கூடத் தூக்கினேன். ஆனா குங்குமம் வெச்ச நிலையை எவன் இடிப்பான்? இடிச்சா குடும்பம் விளங்குமா? கடப்பாரையைக் கீழ வெச்சேன்.

புனிதா மீன் பொரிக்க ஆரம்பிச்சா. புகை கொஞ்சம்கூட உள்ளே நிக்கலை. நான் வெச்ச சன்னல் வழியா அழகாப் போச்சு. இருமலே இல்லாம சமைச்சா.

எனக்குன்னு வாங்கின நாற்காலியில தினேஸ்வரி உக்காந்து, டீச்சர்கிட்ட ஒப்பிக்க விரலை மடக்கிக்கிட்டு இருந்தா.

"வீடு கட்டுற சாமான்: செங்கல்லு, சிமெண்டு, பலகை, தகரம், அப்பா."

"அப்பா எப்படிம்மா சாமான் ஆவாங்க?"ன்னு கேட்டேன்.

"அம்மாதான் சொன்னாங்க. மத்ததெல்லாம் உடனே கிடைச்சிருச்சாம், அப்பாவை வளைக்கத்தான் இவ்ளோ வருசமாச்சாம்."