பழைய டிஸ்குக்கு ஆயிரத்தொன்று

பயாமோ, வெள்ளிக்கிழமை

ஒல்கின் நகரில் கம்ப்யூட்டர் பார்த்துப் பேரெடுத்திருக்கும் என் தங்கை மகன் ஓஸ்மானிக்கு, மாமா எரிபெர்த்தோ ஆசியுடன் எழுதுவது. நானும் உன் அத்தை நெரெய்தாவும் நலம். கம்ப்யூட்டருக்கு மட்டும் மூன்று வயது குறைந்துவிட்டது.

போன மாதம் நீ லினக்ஸ் போட்டுக் கொடுத்து, இங்கே இணையம் இழுத்துக்கொண்டு கிடக்கும் என்று புது மென்பொருளையெல்லாம் ஒரு டிஸ்கில் வைத்துவிட்டுப் போனாய், ஆனால் அதில் டோமினோ ஆட்டம் இல்லை, பக்கத்து வீட்டு வால்டோவின் பழைய டிஸ்கில் இருந்தது, அதையும் மாட்டினேன். எந்த டிஸ்குக்கு முன்னுரிமை என்று எண் போடவேண்டும் என்றாயே, ரொட்டிக்கும் முட்டைக்கும் வரிசையில் நின்றே கிழவனானவனுக்கு அது தெரியாதா? ஒன்றாம் எண் முதலில் வாங்கும், ஆயிரத்தொன்றுக்குக் கடை மூடிவிடும். புதுசுக்கு ஒன்று, பழசுக்கு ஆயிரத்தொன்று போட்டு, எல்லாவற்றையும் புதுப்பிக்கச் சொன்னேன். "214 மென்பொருள்கள் பழைய பதிப்புக்கு இறங்கும், சம்மதமா?" என்றது. ஆபீசில் எதற்கும் சம்மதம் என்று சொல்லித்தானே முப்பது வருஷம் ஓட்டினேன்? சம்மதித்தேன்.

இப்ப டோமினோ ஜோரா ஓடுது. வீடியோவில பேசுறதுதான் திறக்கவே மாட்டேங்குது. ஞாயிறு மத்தியானம் எங்க மக லிஸ்பெத் மோந்தெவிதேயோவிலிருந்து பிறந்து ஒன்பது நாளான பிள்ளையைக் காட்டுறதா இருக்கா. முதல் பேத்தி. உன் அத்தை இப்பவே தலைக்குச் சாயம் போட்டுட்டா. "நீங்க டோமினோவைப் பாருங்க. உங்களை எப்படிப் பாத்துக்கணுமோ நான் பாத்துக்கறேன்"னா. எனக்குப் பயமா இருக்குடா. வரிசை மரியாதை தெரியாத கம்ப்யூட்டரைத் தந்தது உன் தப்பு, சனிக்கிழமைக்குள் வந்து சேர்.

உன் கூரை எந்தப் புயலுக்கும் அசையாதிருக்கட்டும்.

மாமா எரிபெர்த்தோ

பி.கு. கடிதம் கொண்டுபோகும் பஸ் டிரைவர் ஞாயிறு வரை வரவில்லை. நீ வர வேண்டாம், மேலே எழுதியதெல்லாம் ரத்து. காபிக் கெண்டிக்கு அடியில் நீ வைத்த சீட்டை அத்தை படித்துவிட்டாள். பெரிய எண்தான் முந்துமாம், ஆயிரத்தைத் தாண்டினால் புதுசைக் கழற்றிவிட்டுப் பழசையே உட்கார வைக்குமாம். புதுசுக்கு ஐந்நூறு, பழசுக்கு நூறு என்று மாற்றிப் புதுப்பித்தாள். கடிதத்தையும் படித்துவிட்டு, "வரிசைல நின்னது நானு, கிழவனானது நீங்களா?" என்றாள். பன்னிரண்டு மணிக்குப் பிள்ளை எங்களைப் பார்த்துக் கொட்டாவி விட்டாள். இரண்டு பேரும் அழுததில் பெயரைக் கேட்க மறந்துவிட்டோம். லிஸ்பெத்திடம் கேட்டு எழுது, நாங்கள் கேட்டதாகச் சொல்லாதே.