இருபத்திரண்டு அங்குல விரால்

கதைக்குள் நுழையுமுன் சிலவற்றை அறிந்துகொள்ள வேண்டும். கடிகாரம் பழுதுபார்க்கும் நம்மவர், ஞாயிறுதோறும் ஏரியில் விரால் பிடிப்பவர், தின்பதற்காக அன்று. பிடிப்பார், அளப்பார், நீரிலேயே விட்டுவிடுவார். திருமணமான முதல் மாதத்தில் அவர் பிடித்த விரால் இருபத்திரண்டு அங்குலம். கரையில் தன் அளவுநாடாவால் அளந்து சொன்னவர், தையற்காரியான புது மனைவி. மீனை ஏந்திய ஒல்லி இளைஞரும், அருகே வெட்கத்தோடு நாடாவைச் சுருட்டும் பெண்ணுமாக, அந்தப் புகைப்படம் முப்பது ஆண்டுகளாகக் கூடத்தில் தொங்குகிறது. அதன் வரலாற்றைக் கேளாமல் அவ்வீட்டில் எவரும் தண்ணீர்கூடக் குடித்ததில்லை.

இப்போது அவருடைய படகுக்கு ஆபத்து. பின்னறையை அடைத்துக்கொண்டிருக்கும் அதை விற்றுவிட்டு, துணி வெட்டும் மேசை போட மனைவி முடிவுசெய்திருந்தார்.

"எனக்கு வயசாயிடுச்சுன்னு சொல்றியா?"

"நான் எங்கே சொன்னேன்? மீனுங்கதான் சொல்லுது."

"வர்ற ஞாயித்துக்கிழமை அந்த விராலைவிடப் பெருசாப் பிடிக்கிறேன். பிடிச்சா, படகைப் பத்தி நீ வாயே திறக்கக் கூடாது!"

"சரிங்க. அளவுல கள்ளத்தனம் பண்ணினா, படகு எனக்கு."

"என்னைப் பார்த்தா அப்படியா தெரியுது?"

"முப்பது வருஷமாப் பார்த்துக்கிட்டுத்தானே இருக்கேன்."

ஞாயிறு காலை, தூண்டிலில் மாட்டிய ரப்பர்த் தவளையை அல்லி இலைகளுக்கிடையே வீசினார். நீர் வெடித்தது. தூண்டில் வில்லாக வளைந்தது. ஈரக் கயிறும் பாசியும் கலந்த அந்த மணத்தில், அவருக்கு இருபத்தைந்து வயது திரும்பியிருந்தது. மீனைக் கிடத்தி நாடாவை வைத்தார். இருபது. மறுபடியும் வைத்தார். விரால் வளர மறுத்தது.

தூண்டில் நரம்பு வெட்டும் கத்தரிக்கோலை எடுத்தார். நாடாவின் முதல் மூன்று அங்குலங்கள், பித்தளை முனையோடு ஏரியில் மூழ்கின. இப்போது இருபத்து மூன்று! கைப்பேசியில் படம் பதிவாயிற்று. மீனுக்கு விடுதலை கிடைத்தது.

மனைவி படத்தை உற்று நோக்கினார்.

"மீன் நல்லாத்தான் இருக்கு. நாடாத் தலைமேல எதுக்குங்க கட்டைவிரல்?"

"காத்தும்மா, காத்து! பறந்துடாதா?"

"நாடாவைக் காட்டுங்க."

காட்டினார். மனைவி தையல் இயந்திரத்தின் இழுப்பறையிலிருந்து மஞ்சளேறிய பழைய நாடா ஒன்றை எடுத்து, அதனருகே வைத்தார். அதற்கும் தலையில்லை. இரண்டிலும் வெட்டு மூன்றாம் எண்ணில்.

"இது ஏதும்மா?"

"படத்துல என் கையில இருக்கே, அதே நாடா. அன்னைக்கு உங்க அண்ணன் பிடிச்சது இருபத்தொண்ணு. உங்களது பத்தொன்பது. உங்க மூஞ்சி போன போக்கைப் பார்க்கச் சகிக்கலை. மரத்துக்குப் பின்னாடி போய் ஒரு வெட்டு வெட்டினேன்."

கணவர் விரல் விட்டு எண்ணினார். முகம் மலர்ந்தது.

"பழசு பத்தொன்பது, இன்னைக்கு இருபது. அப்போ நிஜமாவே நான் ஜெயிச்சுட்டேன்!"

"ஜெயிச்சிருப்பீங்க, வெட்டாம இருந்திருந்தா."

"நீயும்தானே வெட்டினே?"

"நான் அன்னைக்குப் பந்தயம் கட்டலையேங்க."

பின்னர் உறுதியானவை இவை. படகு விற்கப்படவில்லை, அதன் உரிமையாளர் மனைவி. வெட்டும் மேசை, கணவரின் கடிகார மேசை இருந்த இடத்தில் நிற்கிறது. புகைப்படம் கூடத்திலேயே தொங்குகிறது. அதன் வரலாற்றை மட்டும் இப்போது எவரும் கேட்டே பெற வேண்டும். ஞாயிறுகளில் துடுப்புப் போடுபவர் கணவர். மனைவியின் முதல் விரால் இருபத்து நான்கு அங்குலம். புது நாடாவால் மூன்று முறை அளந்து பார்த்தவரும் கணவரே.