அரசாங்க ரகசியமான ஒரு வயிற்றுவலி

அரசாங்கம் குடிமக்களின் தொலைபேசியை ஒட்டுக்கேட்பதில்லை. இதை அமைச்சரே சபையில் மேசையைத் தட்டிச் சொல்லியிருக்கிறார். அப்படிக் கேட்காமல் இருப்பதற்கென்றே ஒரு துறையும், அதற்கொரு துணை இயக்குநரும், ஹெட்போன் மாட்டிய ஊழியர்களும் இருந்தார்கள். நீதிமன்ற அனுமதி வாங்கினார்களா என்று கேட்கக் கூடாது. நடக்காத காரியத்துக்கு எந்த நீதிபதி கையெழுத்துப் போடுவார்?

கட்டட வாசலில் 'மழையளவு ஆய்வு நிலையம்' என்று பலகை தொங்கியது. அங்கே மூத்த கேட்பாளராக இருந்தவரைச் சக ஊழியர்கள் 'பாம்புச்செவி' என்பார்கள். மறுமுனையில் யாராவது தும்மினால், ஜலதோஷமா தூசியா என்று பிரித்துச் சொல்லிவிடுவார். வீட்டில் மட்டும் மனைவி பேசுவது காதில் ஏறாது. நாளெல்லாம் உழைத்த காது, வீட்டுப் படி ஏறியதும் கடையைச் சாத்திவிடும்.

ஒருநாள் கேட்கும் எண்களின் சுற்று மாறி, அவருடைய வீட்டு எண்ணே அவர் மேசைக்கு வந்தது. மனைவி தன் அக்காவோடு பேசிக்கொண்டிருந்தாள்.

"வலது விலாவுக்குக் கீழ சுருக்குன்னு பிடிக்குதுக்கா. சாப்பிட்டா உயிர் போகுது. பித்தப்பையில கல்லாம். உடனே எடுக்கணுமாம், விட்டா பை வெடிச்சிடுமாம்."

"வீட்டுக்காரர்கிட்ட சொன்னியா?"

"சொன்னேன். 'ம்'னார்."

பாம்புச்செவி ஹெட்போனைக் கழற்றி எறிந்தார். மனைவி மேல் அவருக்கு உயிர்; அதை வெளியே காட்டும் பழக்கம்தான் இல்லை. நேரே துணை இயக்குநர் அறைக்கு ஓடினார்.

"சார், லீவு வேணும். வீட்டுல பித்தப்பையில கல்லு, ஆபரேஷன் பண்ணணும்."

"அடடா! யார் சொன்னா?"

"அவதான்... போன்ல..."

துணை இயக்குநர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். "எந்த போன்? நாமதான் எந்த போனையும் கேக்குறதில்லையே."

"கேக்குறதில்ல சார்."

"கேக்காத விஷயம் உங்களுக்கு எப்படித் தெரியும்? தெரியாத நோய்க்கு எப்படி வைத்தியம் பாப்பீங்க?"

"நேர்லயும் ஏற்கெனவே சொல்லிட்டாளாம் சார்."

"சொல்லிட்டாங்கன்னு எப்படித் தெரிஞ்சுது?"

பாம்புச்செவி காதைச் சொறிந்தார்.

"யோசிங்க. நீங்க திடுதிப்புன்னு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினா அந்தம்மா சந்தேகப்பட மாட்டாங்களா? அரசாங்கத்து மேல மக்கள் வச்சிருக்கிற நம்பிக்கை என்ன ஆகும்?"

"பை வெடிச்சிட்டா சார்?"

"பை வெடிச்சா ஒரு குடும்பம் அழும். நம்பிக்கை வெடிச்சா நாடே அழும்" என்றார் துணை இயக்குநர். சொன்னது அவருக்கே பிடித்துப்போய், அமைச்சரின் அடுத்த உரைக்காகக் குறித்து வைத்துக்கொண்டார். "அவங்களே உங்க முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும். அதுதான் முறையான தகவல். அப்ப வாங்க, லீவு தர்றேன்."

அன்று சாயங்காலம் பாம்புச்செவி செருப்பைக்கூடக் கழற்றாமல் மனைவி பின்னாலேயே சமையலறைக்குப் போனார்.

"உனக்கு எங்கயாவது வலிக்குதா?"

"என்ன, புதுசா விசாரிக்கிறீங்க?"

"சும்மாதான். விலாவுக்குக் கீழ, வலது பக்கம், அந்த மாதிரி ஏதாவது?"

"வலது பக்கம்னு நான் உங்ககிட்ட சொல்லவே இல்லையே!"

"மழைக்காலத்துல நிறைய பேருக்கு அப்படி வரும்."

"வெளியில வெயில் மண்டையைப் பிளக்குது" என்றவள், சட்டென்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். முகமெல்லாம் வேர்த்துவிட்டது.

அவருக்கு உயிரே போய்விட்டது. நாடாவது, நம்பிக்கையாவது! "நான் மழையும் அளக்கல, மண்ணும் அளக்கல! ஒட்டுக்கேக்குறதுதான் என் வேலை. நீ போன்ல பேசினதைக் கேட்டேன்!" என்று கத்திவிட்டார்.

வலி கொஞ்சம் தணிந்ததும் மனைவி நிதானமாகச் சொன்னாள்: "தெரியும். உங்க காதுல விழட்டும்னுதான் போன்ல சொன்னேன். ரொம்ப நாளா தினமும் சொல்லிக்கிட்டிருக்கேன். இன்னிக்குத்தான் உங்க மேசைக்கு வந்திருக்கு போல."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"தெருவுக்கே தெரியும். மழை அளக்கிறவர் ஒரு நாளாவது குடை எடுத்துட்டுப் போனீங்களா? எதிர்வீட்டுத் தையல்காரர் தெருவிளக்கு எரியலைன்னா தங்கச்சிக்குத்தான் போன் போடுறார். மறுநாளே எரியுது. தெரிஞ்ச மாதிரி காட்டிக்கிட்டா உங்க பொழைப்பு போயிடுமேன்னு எல்லாரும் வாயை மூடிக்கிட்டிருக்கோம். ரகசியத்தைக் காப்பாத்துறது நாங்க. சம்பளம் மட்டும் உங்களுக்கு."

அவருக்கு வெட்கமாக இருந்தது. ஊரார் இருமலையெல்லாம் கேட்டவருக்கு, கட்டினவளின் வலியைக் கேட்க அரசாங்க இயந்திரம் தேவைப்பட்டிருக்கிறது. அவளைத் தூக்கி நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, துணை இயக்குநருக்கு போன் போட்டார்.

"சார், நேர்லயே சொல்லிட்டா."

"நல்லது. பதிவு இருக்கா?"

"வீட்டுக்குள்ள பேசினதுக்கு ஏது சார் பதிவு?"

"பதிவில்லாததை நம்பி லீவு கொடுத்தா நாளைக்குத் தணிக்கையில யார் பதில் சொல்றது? அந்தம்மாவையே போன்ல சொல்லச் சொல்லுங்க."

மனைவி போனை வாங்கி அக்காவைக் கூப்பிட்டாள். சின்னப் பிள்ளைக்குப் பாடம் சொல்வது போல நிறுத்தி நிறுத்திப் பேசினாள்: "அக்கா, வலி தாங்கல. நாளைக்குக் காலையிலயே ஆஸ்பத்திரிக்குப் போறோம். இவருக்குப் பத்து நாள் லீவு வேணும். சம்பளத்தோட."

அவள் வாயை மூடுவதற்குள் சமையல் மேடையில் இருந்த அவளுடைய செல்போனில் ஒரு குறுஞ்செய்தி சிணுங்கியது. கணவருக்குச் சம்பளத்துடன் கூடிய பத்து நாள் விடுப்பு வழங்கப்பட்டிருந்தது. 'விரைவில் நலம் பெற வாழ்த்துகள். மழையளவு ஆய்வு நிலையம்.'

"ஹலோ, ஹலோ" என்று மறுமுனையில் அக்கா கத்திக்கொண்டிருந்தாள். "என்னடி சொன்னே? இங்க ஒண்ணுமே கேக்கல!"