மாமாவின் தங்க அட்டையும் என் தொண்டையும்

இதில் ஒரு இடம் வரும். அங்கே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பீர்கள். நான் கேரண்டி.

ஆனால் அது இப்போது இல்லை. ஃப்ளைட்டே சொன்ன நேரத்துக்குக் கிளம்பாத ஊரில் ஜோக் மட்டும் உடனே கிளம்பணுமா? உட்காருங்க. பெல்ட் போட்டுக்குங்க.

முதலில் அன்றைக்கு எனக்கிருந்த வேலை. முரளி மாமாவோடு கொச்சியிலிருந்து பெங்களூர் போக வேண்டும். பெங்களூரில் எங்கேயும் போகக் கூடாது. ஏர்போர்ட்டிலேயே சாப்பிட்டுவிட்டு அடுத்த ஃப்ளைட்டில் திரும்பி வர வேண்டும்.

அவ்வளவுதான். எங்கள் குடும்பத்தில் யாருக்கும் மூளைக் கோளாறு கிடையாது. காரணம் இருக்கிறது.

முரளி மாமா என் அம்மாவின் தம்பி. மட்டாஞ்சேரியில் ஒரு மிளகுக் கம்பெனியின் விற்பனை ஆள். மிளகு கப்பலில் போகும், மாமா ஃப்ளைட்டில் போவார். மிளகைவிட மாமாதான் அதிக ஊர் பார்த்திருக்கிறார்.

போகிற இடத்து ஹோட்டல்களை எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார். எங்கள் வீட்டில் யாரும் சோப்பு வாங்கியதாகச் சரித்திரமே இல்லை. தோசை மாவு துபாய் ஷவர் கேப் போட்டுக்கொண்டுதான் புளிக்கும். விருந்தாளி வந்தால் முதலில் சாயா, பிறகு ஹோட்டல் பெயர் போட்ட வெள்ளைத் துணிச் செருப்பு. ஒருநாள் அப்பா அந்தச் செருப்போடு பால் வாங்கப் போனார். மழை. செருப்பு கஞ்சியாகி, வெறுங்காலோடு திரும்பி வந்தார்.

"கனெக்‌ஷன் ஃப்ளைட் தவறிடுச்சு, ஹோட்டல் குடுத்திருக்கான்!" என்று மாமா போன் பண்ணும்போது கேட்கணும். லாட்டரி விழுந்தவன் குரல் அது. அப்படிப்பட்ட மாமா அந்த வாரம் முகம் தொங்கி வீட்டுக்கு வந்தார்.

"அக்கா, கார்டு போகப்போகுது."

"எந்தக் கார்டுடா? ரேஷன் கார்டா?" அம்மா பதறிவிட்டாள்.

"தங்க அட்டை அக்கா! ஏர்லைன்ஸ்ல குடுத்தது! வருஷக் கணக்கு முடியறதுக்குள்ள இன்னும் ரெண்டு தடவை பறக்கணும். இல்லேன்னா வெள்ளிக்கு இறக்கிடுவான்."

"இறக்கட்டுமே. வெள்ளியும் நல்லதுதானே?"

மாமா அம்மாவைப் பார்த்த பார்வை இருக்கே! தங்க அட்டை என்றால் தனி வரிசை, முதலில் ஏறலாம், லவுஞ்சில் ஓசிச் சாப்பாடு. வெள்ளி என்றால் கூட்டத்தோடு நிற்க வேண்டும். எங்களைப் போல.

"போறது ஒண்ணு, வர்றது ஒண்ணு. ஒரே நாள்ல முடிச்சிடறேன். லவுஞ்சுக்குள்ள என்கூட இன்னொரு ஆளையும் சும்மா விடுவான். அது வேற வருஷம் பூரா வீணாப் போச்சு. அம்மூ, நீ வா."

அம்மு நான்தான். பிளஸ் டூ. பள்ளியில் மிமிக்ரிக்குப் பரிசு வாங்கினவள். ஸ்டாஃப் ரூம் ஜன்னலுக்கு வெளியே நின்று பிரின்சிபல் குரலில் மத்தியானம் லீவு விட்டவளும் நான்தான். அதற்குப் பரிசு தரவில்லை, அப்பாவைக் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

அதனால் அம்மா வாசலிலேயே ஒரு நிபந்தனை போட்டாள். "போ. ஆனா உன் குரல்ல மட்டும் பேசு. வேற யார் குரலும் வரக்கூடாது, கேட்டியா?"

"கேட்டேன்," என்றேன் அப்பா குரலில்.

ஏர்போர்ட் போகிற வழியில் இடப்பள்ளி டிராஃபிக் பிளாக்கில் மாமாவுக்கு வியர்த்தது. "போகும்போதே தவறிடுமோ!" தவறவில்லை. வானத்தில் ஏறினோம். மாமா இரண்டு பக்கத்துக் கைப்பிடிகளையும் பிடித்துக்கொண்டார், ஒன்று என்னுடையது. ஒரு சேண்ட்விச் தந்தார்கள். "தொடாதே," என்றார். "லவுஞ்சுக்கு வயித்த காலியா வை."

பெங்களூரில் இறங்கி வெளியே வந்து, கட்டிடத்தைச் சுற்றிக்கொண்டு மறுபடி உள்ளே போனோம். வாசலில் துப்பாக்கியோடு நின்றவர் டிக்கெட்டைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

"இப்பதானே கொச்சியிலேர்ந்து வந்தீங்க? இங்க என்ன வேலை?"

"சாப்பாடு," என்றார் மாமா, வெகு மரியாதையாக.

லவுஞ்ச்! சத்தியமாகச் சொல்கிறேன், எங்கள் வீட்டுக் கல்யாண மண்டபத்தைவிடக் குளிர்ச்சி, பந்தியைவிடத் தள்ளுமுள்ளு. மாமா தட்டைக் கையில் எடுத்ததும் குருவாகிவிட்டார்.

"சூப் பக்கம் போகாதே. வயித்த நிறைக்கறதுக்கு அவன் வெக்கற முதல் கண்ணி அது. சாதம் ரெண்டாவது கண்ணி. நேரா பனீர். அப்புறம் கேக். கேக்குக்கு அப்புறம் மறுபடி பனீர்."

மூன்றாவது தட்டுக்குப் பிறகு சோபாவில் சாய்ந்து, பக்கத்தில் லேப்டாப்போடு இருந்த ஆளிடம் ஆரம்பித்தார். "நான் பறக்காத ஏர்லைன்ஸ் இல்ல சார். படுக்காத ஹோட்டல் இல்ல. இந்த ஃபீல்டுல என்னை ஒருத்தன் ஏமாத்த முடியாது."

இதைக் கேட்டதும் என் தொண்டை அரித்தது. நீங்களே சொல்லுங்க, யாருக்குத்தான் அரிக்காது?

மாமாவின் முதுகுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் பனைமரம். அதன் பின்னால் போனேன். காலி டம்ளரை வாயில் கவிழ்த்தேன். மூக்கை லேசாகப் பிடித்தேன்.

"டிங்... டாங்! பயணிகள் தயவுசெய்து கவனிக்கவும். கொச்சி செல்லும் விமானம் ஒரு மணி நேரம் தாமதமாகப் புறப்படும். அசௌகரியத்துக்கு வருந்துகிறோம்."

வருந்துகிறோம் என்பதில் துளிகூட வருத்தம் இருக்கக் கூடாது, அதுதான் அதன் சூட்சுமம். அச்சு அசல்! லேப்டாப்காரர் காதில் ஏதோ மாட்டியிருந்தார், திரும்பவில்லை. மாமாவின் தலை மட்டும் மெல்ல நிமிர்ந்தது.

ஐந்து நிமிடம் விட்டுவிட்டு, "ஏமாந்தீங்களா!" என்று குதிக்கலாம் என்பது என் திட்டம்.

மாமா ஷூவைக் கழற்றினார். போனை எடுத்துக் காதில் வைத்தார்.

"அக்கா? ஃப்ளைட் லேட்டு. இல்ல இல்ல, ஏறிடுவோம், கார்டு பத்திரம். அம்முவா? தங்கம்க்கா அவ! ஒரு சேட்டை இல்ல, ஒரு குரல் இல்ல. கார்டு மட்டும் நிக்கட்டும், அடுத்த மாசம் துபாய்க்கு இவளைக் கூட்டிட்டுப் போறேன். ஆமா, பெரிய ஹோட்டல்தான். நீச்சல் குளம் உண்டு. ஆனா பாரு, ஏதாவது தாந்தோன்னித்தனம் பண்ணினா கிடையாது."

போச்சா!

இப்போது "ஏமாந்தீங்களா" என்றால் துபாய் இல்லை. சொல்லாவிட்டால் ஃப்ளைட் இல்லை. ஃப்ளைட் இல்லையென்றால் தங்க அட்டை இல்லை, அப்போதும் துபாய் இல்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் நீச்சல் குளத்தில் தண்ணீர் இல்லை.

சுவரில் ஒரு ஸ்கிரீன். கொச்சி ஃப்ளைட்டுக்கு நேரே 'சரியான நேரம்' என்று பச்சையில் கொட்டை எழுத்து. மாமா பார்த்துவிடாமல் இருக்க, ஓடிப்போய் அதை மறைத்துக்கொண்டு நின்றேன்.

"எடீ, ஏன் அங்க நிக்கறே? வந்து உக்காரு."

"கால் மரத்துப் போச்சு மாமா."

"அப்ப நடக்க விடணும். போய் ஒரு காபி எடுத்துட்டு வா."

கொண்டுவந்தேன்.

"சக்கரை போட்டியா? எனக்கு வேண்டாமே."

மாற்றிக் கொண்டுவந்தேன்.

"இது கசக்குதே. கொஞ்சம் போடு."

ஸ்கிரீனில் எழுத்து மாறிவிட்டது. 'கேட்டுக்குச் செல்லவும்'. சொந்தப் பொய்யைச் சொந்தத் தொண்டையால்தான் சரிபண்ண வேண்டும். பனைமரம். டம்ளர்.

"டிங் டாங்! பயணிகளுக்கு ஒரு நற்செய்தி. கொச்சி விமானம் இப்போது தாமதமில்லை. உடனே வாயிலுக்கு வரவும்."

மாமா கண்ணைக்கூடத் திறக்கவில்லை. "அந்தப் பொண்ணுக்குத் தொண்டை கட்டியிருக்கு, பாவம்."

"மாமா! நம்ம ஃப்ளைட்தான் மாமா! கூப்பிடறாங்க!"

"அனுபவம் இல்லாதவங்கதான் ரெண்டாவது அறிவிப்பை நம்புவாங்க அம்மூ. முதல்ல சொல்றதுதான் நிஜம். அந்தத் தலைகாணிய எடு."

தலையணை எடுத்தேன். ஷூவைத் துடைக்கச் சொன்னார், துடைத்தேன். கால் மேல் கால் போட்டு, மேல் காலை அமுக்கச் சொன்னார். மேல் கால் முடிந்ததும் காலை மாற்றிப் போட்டார்.

மூன்றாவது தடவை ஆண் குரல். ஆலுவாப் பக்கத்துச் சேட்டன் ஒருவரை நினைத்துக்கொண்டு, மலையாளம் கலந்து, அடிவயிற்றிலிருந்து.

"மிஸ்டர் முரளிதரன்! மிஸ்டர் முரளிதரன்! இது கடைசி அழைப்பு! ஒந்நு வேகம் வரூ சாரே, டோர் அடைக்கான் போகுந்நு!"

"கொச்சியில முரளிதரன் ஆயிரம் பேர் இருக்கான்," என்று மாமா கொட்டாவி விட்டார். "பாவம், யாரோ ஒருத்தன் கார்டு போகப்போகுது."

அவ்வளவுதான். எனக்கு அழுகையே வந்துவிட்டது. மாமாவின் பையைத் தோளில் மாட்டினேன். ஷூவை நானே அவர் காலில் நுழைத்தேன். கையைப் பிடித்து இழுத்தேன்.

"ஏன்டீ இந்த அவசரம்?"

"எனக்கு நடக்கணும் மாமா! ரொம்பத் தூரம் நடக்கணும்!"

நான் ஓட, மாமா கோயில் பிரகாரம் சுற்றுவதுபோல் வந்தார். வழியில் வாட்ச் கடை கண்ணாடியில் மீசையைச் சரிபண்ணினார். ஒரு குழந்தையிடம் பெயர் கேட்டார். கேட் கண்ணில் பட்டதும் நான் கத்தினேன்.

"அக்கா! அக்கா! கதவை அடைக்காதீங்க! ப்ளீஸ்! தங்க அட்டை! எல்லாம் என் தப்பு!"

கேட்டில் நின்ற ஏர்லைன்ஸ் அக்கா, நம்ம தமிழ்நாட்டுக்காரர், மிரண்டுவிட்டார். "என்னம்மா? யாருக்கு என்ன? போர்டிங் இப்பதானே ஆரம்பிக்கப்போறோம்?"

அவருக்குப் பின்னால் கதவு அகலமாகத் திறந்திருந்தது. வரிசையில் ஒரு ஆள்கூட இன்னும் உள்ளே போகவில்லை.

மாமா மெதுவாக வந்து சேர்ந்தார். சட்டைப்பையிலிருந்து தங்க அட்டையை எடுத்து ஊதினார்.

"சிஸ்டர், ஒரு சந்தேகம். ஃப்ளைட் ஒரு மணி நேரம் லேட்டுன்னு மைக்குல அறிவிச்சாங்களாமே? இந்தப் பொண்ணு கேட்டுட்டு ரொம்பத் தவிச்சுப் போயிட்டா."

"மைக்குலயா?" அந்த அக்கா சிரித்தார். "இந்த ஏர்போர்ட்ல மைக் அறிவிப்பே கிடையாது சார். எல்லாம் ஸ்கிரீன்லயும் போன் மெசேஜ்லயும்தான். அடிக்கடி வர்றவங்க நீங்க, உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியுமே," என்றார் மாமா.

நான் மாமாவைப் பார்த்தேன். மாமா கூரையைப் பார்த்தார். அவர் மீசை மட்டும் தனியாக ஆடிக்கொண்டிருந்தது.

"அப்ப... அம்மாகிட்ட போன்ல பேசினது?"

"எந்த அம்மா? எந்த போன்?"

"துபாய்?"

"எந்த துபாய்?"

சிரிச்சாச்சா? அந்த ஏர்போர்ட்டில் மூன்று தடவை அறிவிப்பு செய்த ஒரே பயணி உங்கள் அம்முதான்.